கயிறு பிடித்து நட்ட காட்டுச்செடி

தந்தி வந்த அன்று நாங்கள் மேல்காட்டில் கவாத்துக் கிளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆபீசை விட்டுக் காட்டுக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அன்று குடையை ஊன்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றி இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நடையிலேயே தெரிந்தது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டாரை நினைத்துக்கொண்டு நின்றோம்.

“பாலக்காட்டுலருந்து தந்தி. நம்ம செடி சார் தவறிட்டாராம். நெஞ்சுவலியாம்” என்றார்.

எங்கள் கங்காணி பேச்சியக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு, “நல்ல மனுசன்ட்டி. அட்டையக்கூட அதுக்கு வலிக்காமப் புடுங்குவாரு” என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் மறுபடி அழுதார்கள். அக்கா சொன்னது உண்மை. காலில் ஏறிய அட்டைக்கு நாங்கள் சுண்ணாம்பு வைத்து உதறித் தள்ளுவோம். சார் அதை ஓர் இலையில் ஏற்றிக் கொண்டுபோய் ஓடைப் பக்கம் விட்டுவிட்டு வருவார். “அது ஒமக்கு முந்தி திரும்பி வந்துரும் சார்” என்று பேச்சியக்கா கேலி செய்வார்.

எங்கள் செடி சாரிடம், அதாவது பேராசிரியர் அனந்தராமனிடம், கல்லூரியில் படித்த நீங்கள் ஒரு நினைவு மலர் போடுகிறீர்கள் என்றும், எங்கள் ஊரான சக்குபள்ளத்திலிருந்தும் ஒருவர் எழுத வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். இங்கே அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் விடாமல் படிப்பேன் என்பதால் என்னை எழுதச் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு வகுப்பில் நின்று பேசிய சாரைத் தெரியும். எனக்குத் தெரிந்தவர் பேசவே பேசாத ஒரு மனிதர்.

அவர் முதன்முதல் வந்தபோது நான் பள்ளியை விட்டு அதிக நாள் ஆகவில்லை. அம்மாவுக்குக் கால் வீங்கிக்கொண்டே இருந்ததால் வீட்டில் ஒரு ஆள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. கல்லூரி லீவு விட்டதும் குமுளி பஸ்ஸில் வந்து இறங்குவார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய அறையில் தங்குவார். விடிந்ததும் எஸ்டேட்டின் கீழ்க்கோடியில் இருக்கும் ஓடைக்குப் போய்விடுவார். தண்ணீர் கொண்டுவர, பெட்டி தூக்க, குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பேச்சியக்கா என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இவளக் கூட்டிட்டுப் போங்க சார். வாயே தொறக்க மாட்டா. ஒமக்குத் தோதாப் போகும்.”

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். முதல் லீவு முழுவதும் எங்கள் பேச்சு பெரும்பாலும் அதுதான். அவர் கை நீட்டும் பக்கத்தைப் பார்த்து நான் பொருளை எடுத்துக் கொடுப்பேன். மனிதர்களோடு இருக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு பயம் இருக்கும், யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று. அவரோடு இருக்கும்போது அந்தப் பயம் இல்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும். அவர் மீன், கருவாடு சேர்க்காதவர் என்று தெரிந்ததும் அம்மாவுக்குக் கவலை பிடித்துவிட்டது. எங்கள் வீட்டுச் சட்டி எல்லாம் கருவாடு வெந்த சட்டி. புதிதாக ஒரு சட்டி வாங்கி, அதை வேறு எதற்கும் தொடாமல் உயரத்தில் வைத்தார். ஒருநாள் என் தம்பி தெரியாமல் அதில் கருவாட்டைக் கழுவி வைத்துவிட்டான். அம்மா அழாத குறையாக ஸ்டோருக்கே நடந்து போய் சாரிடம் சொன்னார். “சாரமில்லே” என்றார் அவர். பரவாயில்லை என்பதற்குப் பாலக்காட்டில் அப்படிச் சொல்வார்களாம். “சட்டிக்கு என்ன தெரியும்? கழுவிட்டு அதிலேயே வையுங்கோ.” எது நடந்தாலும் முதலில் இந்தச் சொல்தான் அவர் வாயில் வரும். மழையில் பெட்டி நனைந்தாலும் சாரமில்லே. பஸ்ஸைத் தவற விட்டாலும் சாரமில்லே.

அந்த ஒரே ஒரு செடியைப் பற்றி மட்டும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

எங்கள் ஓடைக்கரையில் ஒரு பாறைச் சரிவு உண்டு. அதில் எந்நேரமும் தண்ணீர் கசியும். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி வரும். காசித்தும்பையின் இனம் என்று அவர் சொன்னார். தண்டு கண்ணாடி மாதிரி இருக்கும், ஒடித்தால் தண்ணீராக வடியும். நாங்கள் அதைத் தண்ணித்தண்டு என்போம். ஆவணியில் வெளுத்த பூ ஒன்று பூக்கும், பூவுக்குப் பின்னால் வால் போல வளைந்திருக்கும். முற்றிய காயை விரல் நுனியால் தொட்டால் போதும், படீரென்று வெடித்து விதையை முகத்தில் அடிக்கும். சின்ன வயதில் நாங்கள் அதை வெடித்து விளையாடுவோம். மற்றபடி எங்களுக்கு அது களை. ஏலத்துக்குள் வந்தால் பிடுங்கிப் போடுவோம்.

சார் அந்தச் செடிக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்வார். எந்தப் பூச்சி அந்தப் பூவுக்கு வருகிறது என்று பார்ப்பார். மத்தியானம் வரை ஒன்றும் வராது. அவர் சாப்பிடும்போது நான் பார்க்க வேண்டும். வந்தால் கையைத் தட்ட வேண்டும். ஒருநாள் ஒரு சின்ன வண்டு வந்தது. நான் கை தட்டினேன். வண்டு பறந்துவிட்டது. அவர் சோற்றுக் கையோடு ஓடி வந்து என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கை தட்டுவதில்லை, குடையை உயர்த்திக் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம்.

இந்தச் செடி வேறு எங்கும் இல்லை என்று அவர் எனக்குச் சொன்னது மூன்றாவது வருஷம். பக்கத்து மலை எல்லாவற்றிலும் ஏறிப் பார்த்துவிட்டார். “இந்தப் பாறை மட்டும்தான் கொழந்தே. இது போனா இந்த லோகத்திலேயே போச்சு” என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

அது போவதற்கான வழியும் அதே வருஷம் வந்தது. ஏலக்காய் விலை ஏறியது. ஓடைக்கரை ஈரமும் நிழலுமாக ஏலத்துக்கென்றே இருக்கிற மாதிரி இடம். எங்கள் முதலாளி கோட்டயத்துக்காரர், மரியாதையான மனிதர். ஸ்டோர் வாசலில் சாரிடம் அவர் கேட்டபோது நானும் பாத்திரம் எடுக்க வந்து நின்றிருந்தேன்.

“சாரே, உங்க செடிக்கு நிலையும் விலையும் ஏதாவது உண்டோ?”

“ஒண்ணும் இல்லை.”

“பின்னே நான் எப்படி அவ்வளவு ஸ்தலத்தைச் சும்மா விட? நீங்களே சொல்லுங்க.”

சார் குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். வகுப்பில் நீங்கள் கேட்ட குரல் அப்போது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

அடுத்த லீவில் அவர் வந்தபோது ஒரு செய்தி கொண்டுவந்தார். செடிகளை ஆராய்ந்து அவற்றைக் காப்பாற்றவும் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் வருஷா வருஷம் விருது கொடுக்கிறதாம். இந்தத் தண்ணித்தண்டைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டு, ஆவணியில் இரண்டு பேர் நேரில் பார்க்க வருகிறார்களாம். பார்த்துத் திருப்தியானால் விருது. முதலாளி இதைக் கேட்டதும் யோசித்தார். “விருது கிட்டினா பேப்பர்ல என் எஸ்டேட் பேரும் வரும், அல்லே? அப்போ ஓடையைத் தொட மாட்டேன். வாக்கு. கிட்டலேன்னா மழை தோர்ந்ததும் ஏலம் நட்டுருவேன். அதுவும் வாக்கு.”

மழை விட்டதும் என்று அர்த்தம். கொஞ்ச நாள்தான் இருந்தது.

அன்று ஓடைக்குப் போகும் வழியில் சார் சொன்னார்: “எனக்கு எதுக்கு பதக்கம்? கழுத்திலே போட்டுண்டு கிளாசுக்குப் போவேனா? ஆனா பதக்கத்துக்கு அவர் மரியாதை குடுப்பார். அதாக்கும் காரியம்.”

வருகிறவர்களை அழைத்துவர அவர் முதல் நாளே குமுளிக்குப் போனார். போகும்போது சூப்பர்வைசரிடம், வழியைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வழி வழுக்கும், வருகிறவர்களில் ஒருவர் வயதானவர் என்பதற்காக. நானும் அம்மாவும் விருந்துக்குக் காய்கறி வாங்க அதே பஸ்ஸில் போய், இருட்டும் நேரத்தில் மழையோடு திரும்பினோம்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. கைத்தடியோடு ஒரு பெரியவர், பருத்திச் சேலை கட்டிய ஓர் அம்மா, சார், பின்னால் முதலாளி. நான் காப்பிப் பாத்திரத்தோடு கடைசியில் நடந்தேன். வழி அருமையாக இருந்தது. வழுக்குகிற இடத்தில் எல்லாம் படி வெட்டியிருந்தார்கள். சார் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் ஓடை வளைவைத் தாண்டினோம்.

பாறைச் சரிவு மொட்டையாக இருந்தது. கரையெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி சிவப்பு மண். எங்கள் கூட்டத்துப் பெண்கள் தலை சீவி, பூ வைத்து, திருவிழாவுக்கு நிற்பது போல வரிசையாக நின்றார்கள். பேச்சியக்கா முன்னால் வந்தார்.

“பாத்தியளா சார்! வழிய மட்டும் தூத்துட்டு வாசல்ல குப்பையப் போடுவாகளா? அதான் இங்கயும் எடுத்துட்டோம். ஒரு புல்லு பூண்டு கண்ணுல படுதான்னு பாருங்க. வெளக்கு வச்சுத் தேடுனாலும் கெடைக்காது.”

சார் பார்த்தார். வந்த அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “செடி எங்க இருக்கு சார்?” என்று கேட்டார்.

“எந்தச் செடி?” என்று கேட்டது பேச்சியக்கா.

இன்னொருவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் எஸ்டேட்டில் ஒரு நாற்றை மிதித்தாலே என்ன வசவு விழும் என்று எங்களுக்குத் தெரியும். சாரின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவர் சொன்னது இதுதான்:

“சாரமில்லே பேச்சியம்மா. ரொம்ப சுத்தமா இருக்கு. எங்காத்து அடுக்களைகூட இத்தனை சுத்தமா இருந்ததில்லை.”

பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பினார். “தப்பு என்னோடதாக்கும். நாலு வருஷமா இவாளைத் தாண்டித்தான் தினம் போறேன், வரேன். இங்கே இன்னது இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்கம். சொல்லாததை அவா எப்படி அறிவா?”

பேச்சியக்காவுக்கு ஏதோ புரிந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து, “ஏட்டி முத்து, எதுட்டி அந்தச் செடி?” என்று கேட்டார்.

“தண்ணித்தண்டு” என்றேன்.

“அடப்பாவி, அந்தச் சவத்தையா? அதத்தான நான் மொத ஆளாப் புடுங்குனேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். “அதுக்கா பரிசு குடுக்காக?”

“ஆமாக்கா. அது இல்லேன்னா இந்த ஓடையும் இல்ல.”

“மொதல்லயே சொல்லியிருந்தா வேலி போட்டு வளத்திருப்பமே சார்!”

முதலாளி குடையை விரித்தார். “அப்போ சாரே, காரியம் கழிஞ்சல்லோ” என்றார். எல்லாம் முடிந்துவிட்டதே என்று சொன்னதில் கேலி இல்லை. வருத்தம்கூடக் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் வாக்கு வாக்குதான்.

எல்லோரும் ஸ்டோருக்கு ஏறினோம். என் அம்மா சமைத்த சாம்பாரைப் பெரியவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். சார் இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டதும் கிளம்புவதாக இருந்தது. நல்ல வேளையாக மழை பிடித்துக்கொண்டது, ஜீப் இறங்க முடியாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். மழை வெறித்ததும் பருத்திச் சேலை அம்மா, செடி இல்லாவிட்டாலும் இடத்தையாவது ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றார். மறுபடி இறங்கினோம்.

கீழே பேச்சியக்காவின் குரல் தூரத்திலேயே கேட்டது. “கயிறு வெலகுதுட்டி! இழுத்துப் பிடி! மாரி, அந்த மொளைய அங்கிட்டுத் தள்ளி அடி!”

நாங்கள் மேலே போனதும் அவர்கள் பூவைக் கழற்றி வைத்துவிட்டுக் களைக்குவியலுக்கு ஓடியிருக்கிறார்கள். பிடுங்கி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. மழை ஈரத்தில் குவியல் வாடாமல் கிடந்தது. அதைக் கொட்டிக் கவிழ்த்து, புல்லையும் முள்ளையும் விலக்கி, தண்ணித்தண்டை மட்டும் பொறுக்கிக் கூடையில் சேர்த்து எடுத்து வந்திருக்கிறார்கள். எடுத்து வந்ததை நட வேண்டும். நடுவது என்றால் எங்களுக்கு ஒரே முறைதான் தெரியும். ஏல நாற்று நடுகிற முறை.

ஓடைக்கரையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் கீழே சம தூரத்தில் முளைக்குச்சி. ஒவ்வொரு முளைக்கும் ஒரு தண்ணித்தண்டு. அடியில் மண் அணைத்து, சருகு போட்டு, வெயில் படாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரணி இலையைக் குடையாகக் குத்தி வைத்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் பொம்மைத் தோட்டம் மாதிரி இருந்தது. எல்லோரும் முழங்கால் வரை சேறு.

பேச்சியக்கா சாரைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டார். “கோவிச்சுக்காதிய சார். ஒண்ணும் சேதமில்ல. வேரோட கொஞ்சம், வேரில்லாமக் கொஞ்சம். எடையில ரெண்டு சாண் விட்டிருக்கோம். போதுமா, இன்னும் விடணுமா?”

முதலில் சிரித்தது சார்தான். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. “பேச்சியம்மா, காட்டிலே யாரும் கயிறு பிடிக்கறதில்லை, கேட்டேளா?”

“அதான் சார் காடு அப்படிக் கெடக்கு!”

கூட வந்த அம்மா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் பெரியவர் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து வந்து ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தார். ஒன்றிரண்டில் பூ இன்னும் உதிராமல் இருந்தது. அதைத்தான் வெகு நேரம் பார்த்தார். திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த அம்மா தமிழில் சொன்னார்: “சார் காலேஜுக்குத் திரும்பிப் போயிட்டா இதை யார் பாத்துப்பாங்கன்னு கேக்கறார்.”

“இது என்ன கேள்வி? நட்டது நாங்கல்லா?” என்றார் பேச்சியக்கா.

பெரியவர் தலையை ஆட்டினார். முதலாளியிடம் ஆங்கிலத்தில் ஏதோ பேசிக்கொண்டே நடந்தார். முதலாளி குடையை மடக்கி, அவர் தலைக்கு மேல் இருந்த ஒரு கிளையை விலக்கிப் பிடித்ததை மட்டும் பார்த்தேன்.

நட்டதில் பாதி அழுகிவிட்டது. மீதி, தண்டின் கணுவிலிருந்து வேர் விட்டது. அந்தச் செடிக்கு அந்தக் குணம் உண்டு என்று சாருக்கே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த மழைக்கு இன்னொன்றும் நடந்தது. பிடுங்கியபோது வெடித்த காய்களின் விதை, பாறைச் சரிவில், வழியோரத்தில், குவியல் கிடந்த பள்ளத்தில் என்று எல்லா இடத்திலும் முளைத்தது. முன்பு ஒரு பாறையில் இருந்த செடி இப்போது ஓடை நெடுகிலும் இருக்கிறது. “ரிசர்ச்னு நான் நாலு வருஷம் உக்காந்து பாத்தேன். நீங்க ஒரு நாள்லே பரப்பிட்டேள்” என்று சார் சொல்வார். நட்ட வரிசைகளெல்லாம் கலைந்து போயின. ஒரு வரிசை மட்டும் நேராக நிற்கிறது. நடுவில் முளைத்ததைக்கூட அவர் எடுக்கச் சொல்லவில்லை, வரிசையைக் கலைக்கவும் விடவில்லை. அதற்குப் பேச்சியம்மா வரிசை என்று பெயர்.

விருது கிடைத்தது. உங்களில் பலர் அந்த விழாவுக்குப் போயிருப்பீர்கள், அங்கே அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. லீவுக்கு வந்தபோது பதக்கத்தை வேட்டி மடிப்பில் சுற்றி எடுத்து வந்தார். ஸ்டோரில் எல்லோர் கைக்கும் போயிற்று. பேச்சியக்கா அதை ஏலக்காய்த் தராசில் வைத்தார். “பச்சக்காயா, உலந்த காயா சார்? உலந்ததுன்னா நல்ல எட” என்றார். மாரியக்கா அதைத் தன் பிள்ளையின் கழுத்தில் போட்டுப் பார்த்தார். முதலாளி பேப்பரில் வந்த செய்தியை வெட்டிக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினார். எஸ்டேட் பெயரை அதில் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதில் அவருக்கு இன்றுவரை குறை. ஆனால் ஓடையைத் தொடவில்லை.

எனக்கு அந்தப் பதக்கத்தைவிடப் பெரிதாகத் தோன்றியது வேறு. அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஆனி மாதமும், களையெடுப்பு தொடங்கும் நாளுக்கு முன் சார் கட்டாயம் வந்துவிடுவார். கல்லூரி திறந்திருந்தாலும் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில், பெண்கள் எல்லோரும் நிற்கும்போது, முன்னால் போய் நிற்பார். முதல் தடவை அவருக்குக் குரலே வரவில்லை. “சத்தமா சார்! பின்னாடி கேக்கல!” என்று கத்தினார்கள். குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே சொன்னார். கையில் ஒரு தண்ணித்தண்டு நாற்றைப் பிடித்துக் காட்டினார். “இது இருக்கட்டும். மத்ததை எடுங்கோ. இது மட்டும் இருக்கட்டும்.” அவ்வளவுதான் பேச்சு. முடிந்ததும் வியர்த்துப் போய் வந்து என் பக்கத்தில் நின்றார்.

“ஒவ்வொரு வருஷமும் எதுக்கு சார்? எங்களுக்குத்தான் தெரியுமே?” என்று பேச்சியக்கா கேட்டார்.

“உங்களுக்குத் தெரியும். இன்னைக்குப் புதுசா வந்திருக்கறவாளுக்கு?” என்றார். “தெரியாமப் பிடுங்கினா அவா தப்பில்லை. சொல்லாதவன் தப்பு.”

அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும் அந்தப் பேச்சு நீளவில்லை, பயமும் குறையவில்லை. ஒருமுறை பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கு. பயம் போறதுக்காகக் காத்துண்டிருந்தேன் கொழந்தே, நாலு வருஷம். அது போகலை. பயத்தோடயே சொல்லிடலாம்னு வெச்சுண்டேன்” என்றார்.

சித்திரையில் அவர் போனார். ஆனி வந்தது. களையெடுப்புக்குக் கம்பம் பக்கத்திலிருந்து புது ஆட்கள் வந்திருந்தார்கள். காலையில் எல்லோரும் கூடினோம். சார் நிற்கும் இடம் காலியாக இருந்தது. பேச்சியக்கா சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முன்னால் போனேன். காதெல்லாம் சுட்டது. “இது இருக்கட்டும்” என்று சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

“சத்தமாட்டி!” என்றார் பேச்சியக்கா. “பின்னாடி கேக்கல!”

மறுபடி சொன்னேன். கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வந்தவர்களில் ஒருவர், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டே, “ஏன் பாப்பா, அது என்ன மருந்துச் செடியா?” என்று கேட்டார்.

“இல்லக்கா.”

“கறி வைக்கிறதா?”

“அதுவும் இல்ல.”

“பெறகு எதுக்கு?”

“இந்த ஓடையத் தவிர வேற எங்கயும் இல்லக்கா. அதுக்குத்தான்.”

அவர் என் கையிலிருந்த நாற்றை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “ஒத்தையா நிக்குது, பாவம்” என்றார். இதைச் சார் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நாலு வருஷம் எழுதியதை அந்த அக்கா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சின்னப் பேச்சும், பயத்தோடு போய் நிற்கிற அந்த இடமும்தான். இரண்டும் இனி ஒவ்வொரு ஆனிக்கும் எனக்கு வேண்டும்.

அன்று மத்தியானம் ஓடைப் பக்கம் போனேன். அந்தப் புது அக்கா குனிந்து வேகமாகக் களை பிடுங்கிக்கொண்டு வந்தார். தண்ணித்தண்டு நின்ற இடத்தில் அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.